தலைப்பிரட்டை எங்கே நீந்தும்?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். வியாசர்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். நாலைந்து வருடமாக உங்களைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் மாதம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்ததில் குடும்பத்தோடு வால்பாறை போயிருந்தோம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றால் வேலியோரப் புதரிலிருந்து ‘டிக்… டிக்… டிக்’ என்று ஒரு சத்தம். யாரோ பேனா மூடியை விரலால் சுண்டுகிற மாதிரி. பூச்சி என்றுதான் நினைத்தேன். செல்போன் வெளிச்சத்தில் தேடினால் இலைமேல் ஒரு தவளை! என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தொண்டைக்குக் கீழே பபிள்கம் ஊதின மாதிரி உருண்டையாகப் புடைத்திருந்தது. என் பெண் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இலையில் விட்டாள். காவலுக்கு இருந்த பெரியவர், “இதுக்குக் குளம் குட்டையெல்லாம் வேணாம்மா. இந்தப் புதர்லயே பொறந்து இந்தப் புதர்லயே கெடக்கும்” என்றார். படம் ஒன்று இணைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்து வகுப்பில் இதைச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “குளமே இல்லன்னா தலைப்பிரட்டை எங்க டீச்சர் நீந்தும்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று வட்டமாக ஒரு படம் இருக்கிறது. அதற்குமேல் நானும் படித்ததில்லை.

இதை ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது உடன் வேலை செய்யும் ஒருவர், “நம்ம எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாறே அனல்மின் நிலையச் சாம்பலாப் போச்சு. நீங்க மலைத் தவளைக்குக் கவலைப்படுறீங்க. அங்க வெயில் அதிகமானா அது வேற மலைக்குப் போயிக்கும்” என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அது உண்மையில் போய்க்கொள்ளுமா அண்ணா?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகி, வியாசர்பாடி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி பெஞ்சுப் பையன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: அந்தத் தலைப்பிரட்டை முட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. தலைப்பிரட்டையாக இருக்கவேண்டிய காலம் முழுவதையும் முட்டைக்குள்ளேயே கழித்துவிட்டு, கை கால் முளைத்து, வால் சுருங்கி, தவளையாகத்தான் வெளியே வருகிறது.

நீங்கள் பார்த்தது புதர்த்தவளை. படத்தில் விரல் நுனிகள் வட்டவட்டமாக அகன்று தெரிகின்றன, பாருங்கள். இலையில் ஒட்டிக்கொள்ள அதுதான் அதற்குக் கைப்பிடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளிலும் எஸ்டேட் ஓரங்களிலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பல இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை 2 முதல் 3 சென்டிமீட்டர்தான். அந்த ‘டிக் டிக்’ ஆண் தவளையின் குரல். நீங்கள் பார்த்த பபிள்கம், குரலைப் பெருக்கும் பை. பெண் தவளைக்கு அது கிடையாது.

குளத்துத் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். மீன் தின்றது, பூச்சி தின்றது, குட்டை வற்றிச் செத்தது எல்லாம் போக மிஞ்சுவது தவளையாகும். புதர்த்தவளை இடுவதே சொற்பம். ஈரச் சருகுக்கு அடியில் இடும், பாசிக்கு நடுவில் இடும், சில இனங்கள் இலைமேல் ஒட்டி வைக்கும். ஒவ்வொரு முட்டையும் வெந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும். வெளியே கண்ணாடி போன்ற வழவழப்பு, நடுவே வெளுத்த மஞ்சள்கரு. அந்தக் கருதான் குஞ்சுக்குக் கட்டுச்சோறு. குளத்தில் நீந்திப் பாசி மேய்ந்து வளரவேண்டிய பிள்ளைக்கு, மொத்தச் சாப்பாட்டையும் தாய் முதலிலேயே கட்டிக் கொடுத்துவிடுகிறாள். அதனால்தான் முட்டை பெரிதாக இருக்கிறது, எண்ணிக்கை குறைவாக இருக்கிறது. நாளாக ஆக உள்ளே இரண்டு கரும்புள்ளிகள் கண்ணாகத் தெரியும். அப்புறம் கால்கள் மொட்டுவிடும். வால் மெல்லிய தோலாக உடம்பை ஒட்டி மடங்கிக் கிடந்து, கடைசியில் சுருங்கிவிடும். சில வாரம் கழித்து வழவழப்பைக் கிழித்துக்கொண்டு வருகிற குஞ்சு ஒரு மிளகு அளவுதான் இருக்கும். ஆனால் முழுத் தவளை.

பாடப் புத்தகத்தில் இருக்கிற வட்டப்படம் தப்பில்லை. அது குளத்துத் தவளையின் கதை. மலைத் தவளை அந்த வட்டத்தை ஒரு ஜவ்வரிசிக்குள் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். பையன் பிடித்துக்கொள்வான்.

இதற்குப் பிறகு அவன் இன்னொன்றும் கேட்பான், தயாராக இருங்கள். “அப்ப அதுக்குத் தண்ணியே வேணாமா டீச்சர்?” என்பான். வேண்டும். நம் ஊர்த் தவளையைவிட அதிகமாகவே வேண்டும். அந்த முட்டைக்கு ஓடு கிடையாது, தோல் கிடையாது. ஒரு மதியம் நன்றாக வெயில் காய்ந்தால் சருகோடு சேர்ந்து காய்ந்துபோகும். தவளையும் அப்படித்தான். அது மூக்கால் மட்டுமில்லை, தோலாலும் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்று உள்ளே போகும். அதற்குக் குளம் வேண்டாம், ஆனால் காற்றே குளம் மாதிரி இருக்க வேண்டும். மழை, மழை விட்டபின் சாரல், சாரல் நின்றபின் மூடுபனி, அதை வடியவிடாமல் பிடித்து வைக்கிற பாசியும் சருகும் மரநிழலும். இதில் ஒன்றை உருவினால் மற்றது நிற்காது. அந்தப் பெரியவர் “இந்தப் புதர்லயே பொறந்து இந்தப் புதர்லயே கெடக்கும்” என்றாரே, அது முற்றிலும் சரி. அவர் சொன்ன ‘புதர்’ என்ற சொல்லில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

குளத்துக்கும் புதருக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. அது எங்கள் கொருக்குப்பேட்டை மொட்டைமாடியில் இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளில் பாத்ரூம் சுவரில் வெளிறிய நிறத்தில் ஒரு தேரை ஒட்டிக்கொண்டிருக்குமே, ராத்திரி லைட்டைப் போட்டால் கண்ணை உருட்டிப் பார்க்குமே, அது மரத்தவளை. நாங்கள் சின்ன வயதில் தவக்களை என்போம், அம்மா தேரை என்பாள். மாடியில் துணி அலச ஒரு நீல டிரம்மில் மழைத்தண்ணீர் பிடித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதக் காலையில் டிரம்மின் உட்பக்கம், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, கைப்பிடி அளவு வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. பக்கத்தில் யாரோ சோப்புப் போட்டுத் துவைத்த நுரை தெறித்திருக்கிறது என்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டேன். கழுவும்போதே கையில் ஏதோ நறநறவென்று பட்டது. குனிந்து பார்த்தால் கடுகுபோல முட்டைகள். அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். பெண் தவளை கசியவிடுகிற ஒரு திரவத்தைப் பின்னங்காலால் அடித்து அடித்து, முட்டை வெள்ளைக்கரு நுரைக்கிற மாதிரி நுரைக்க வைத்து, அதற்குள் முட்டையை இடுமாம். மேல்நுரை காய்ந்து பொருக்காகிவிடும், உள்ளே ஈரம் இருக்கும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும். ஒரு ராத்திரி முழுக்க அது பட்ட பாட்டை நான் ஒரு சொம்பில் முடித்துவிட்டேன். இன்றைக்கும் அந்த டிரம்மைப் பார்த்தால் எனக்கு அந்த நறநறப்பு கையில் தெரிகிறது.

ஆக, குளத்துத் தவளை முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது. மரத்தவளை முட்டையைத் தண்ணீருக்கு மேலே வைத்துப் பிள்ளையை மட்டும் தண்ணீருக்கு அனுப்புகிறது. உங்கள் வால்பாறைத் தவளை தண்ணீரையே முட்டைக்குள் கொண்டு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னால் போதும்.

புதர்த்தவளைக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தவளையைப் பற்றியும் சொல்கிறேன். களக்காடு முண்டந்துறைக் காட்டில் இருக்கிறது. பச்சை உடம்பு, தொடையில் சாம்பல் கலந்த நீலம், கண்ணில் பொன் தீற்றல். 1876-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் குந்தர் என்ற அறிஞர் இதை விவரித்துப் பெயரிட்டார். அதற்குப் பிறகு 130 வருடத்துக்கும் மேலாக யாரும் இதைப் பார்த்ததாகப் பதிவில்லை. இல்லாமலே போய்விட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி.பிஜு, காணாமல்போன தவளைகளைத் தேட நாடு முழுவதும் ஆட்களைத் திரட்டியபோது, 2011-இல் இது இருக்கிறது என்ற செய்தி வந்தது.

எப்படி அத்தனை வருடம் கண்ணில் படவில்லை? அது மூங்கிலுக்குள் குடியிருக்கிறது. நாணல்போல மெலிந்த ஒரு மலைமூங்கில். அதன் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உள்ளே கூடாக இருக்கும். பூச்சியோ எலியோ கடித்துவிட்டுப் போன ஒரு சின்னப் பிளவு எங்கேயாவது இருந்தால், தவளை உடம்பை நசுக்கிக்கொண்டு அதன் வழியாக உள்ளே போய்விடுகிறது. ஆண் தவளை உள்ளேயிருந்தே கூப்பிடும். பெண் வந்து ஐந்து, ஆறு, மிஞ்சினால் எட்டு முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் காவல் அப்பனுடையது. கே.எஸ்.சேஷாத்ரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் களக்காட்டில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இதைக் கவனித்து, 2015-இல் எழுதினார்கள். பிறகு அவர் அப்பன் தவளையைக் கொஞ்ச காலம் அப்புறப்படுத்திப் பார்த்தார். முட்டைகள் பறிபோயின. பாம்போ பூச்சியோதான் எதிரி என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் தின்றது அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஆண் தவளைகள்தான். குடியிருக்கத் தோதான மூங்கில் கிடைப்பது கஷ்டம், கிடைத்த கூட்டில் வேறு ஒருவன் பிள்ளை இருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டரை சென்டிமீட்டர் உடம்பு, எட்டு முட்டை, ஒரு மூங்கில் கணு. அதற்குள் எவ்வளவு பெரிய வாழ்க்கை.

‘தவளை தன் வாயால் கெடும்’ என்று சொல்கிறோம். கத்தினால் பாம்புக்கும் வௌவாலுக்கும் காட்டிக்கொடுத்துக்கொள்கிறது என்பது நிஜம்தான். ஆனால் கத்தாவிட்டால் துணை கிடையாது, பிள்ளை கிடையாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இரண்டு இனங்களை ஆய்வாளர்கள் குரலை வைத்துத்தான் முதலில் பிரிக்கிறார்கள். பெண் தவளையும் அந்தக் குரலை வைத்துத்தான் தன் இனத்தைக் கண்டுபிடிக்கிறது. இத்தனை ஆபத்திலும் ராத்திரி முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற பிராணியை நான் ஒருநாளும் முட்டாள் என்று சொல்லமாட்டேன்.

புதர்த்தவளைக் கூட்டத்துக்கு 2010-இல் ராவோர்கெஸ்டிஸ் என்று பேரினப் பெயர் வைத்தார்கள். அதிலிருக்கிற ‘ராவ்’, சி.ஆர்.நாராயணராவ். 1882-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். 1937-இல் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதியவர். அவர் படித்தது சென்னை கிறித்தவக் கல்லூரியில். அந்தக் கல்லூரி 1937-இல்தான் தாம்பரத்துக்குப் போனது. அதுவரை நம் பாரிமுனைப் பக்கம்தான் இருந்தது. ராவ் படித்த நாளில் அந்தத் தெருக்களில்தான் நடந்து போயிருப்பார். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

நடுவில் ஒரு வார்த்தை. உங்கள் பெண் ஆசையில் தவளையைக் கையில் எடுத்தாள், தப்பில்லை. அடுத்த தடவை வேண்டாம். நம் கையில் உப்பு இருக்கும், மலைக்குப் போனால் கொசுக் களிம்பும் இருக்கும். தோலால் மூச்சு விடுகிற பிராணிக்கு அது பெரிய வேதனை. வெளிச்சத்தையும் ஒரு நிமிஷத்துக்குமேல் அடிக்க வேண்டாம். உட்கார்ந்து கேட்டாலே போதும்.

சரி, அந்த ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கொசஸ்தலையாற்றைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த அலுப்பு வரும். ஆனால் “வேற மலைக்குப் போயிக்கும்” என்றது தப்பு.

ஆனைமுடியில் ஒரு புதர்த்தவளை இருக்கிறது. தீக்கொழுந்து மாதிரி ஆரஞ்சுச் சிவப்பு. 2010-இல் பெயர் வைத்தார்கள். முதலில் அது உச்சியில் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் மட்டுமே இருப்பதாகத் தெரிந்தது. அதாவது மிஞ்சினால் 2 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். ராயபுரத்தில் காலையில் வாக்கிங் போகிறவர் ஒன்றரை மணி நேரத்தில் அந்த எல்லையைச் சுற்றி வந்துவிடலாம். அப்புறம் அதே இரவிகுளம் தேசியப் பூங்காவின் மற்ற மேடுகளிலும் அது இருப்பதைக் கண்டார்கள். மனசுக்கு ஆறுதலான செய்திதான். ஆனால் பூங்கா முழுவதையும் சேர்த்தால்கூட 97 சதுர கிலோமீட்டர்தான். நம் சென்னை மாநகராட்சி 426. கால்பங்குகூட இல்லை. உலகத்தில் அந்தத் தவளைக்கு இருப்பது அவ்வளவுதான்.

ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதற்குமேல் உயரம் இல்லை. கீழே சூடு ஏறினால் குளிர்ச்சி தேடி மேலே போகலாம் என்கிறார்கள். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே போகும்? பக்கத்து மலைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பள்ளத்துக்கு இறங்க வேண்டும். பள்ளத்தில் மூடுபனி இல்லை, பாசி இல்லை, வெயில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டருக்குமேல் அகலம். கோயம்புத்தூரிலிருந்து கேரளத்துக்குப் போகிற ரயில் அதன் வழியாகத்தான் போகிறது. நமக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மிளகு அளவில் பிறந்து நகம் அளவில் வளர்கிற தவளைக்கு அது கடல். அதனால்தான் கணவாய்க்கு வடக்கே ஓர் இனமும் தெற்கே வேறோர் இனமும் இருக்கின்றன. லட்சக்கணக்கான வருடமாக அந்தந்த மலையில் தனித்தனியாக வாழ்ந்து தனித்தனியாக ஆனவை. ஒரு மலையை இழந்தால் அதன் தவளையை வேறு மலையில் வாங்க முடியாது.

‘கிணற்றுத் தவளை’ என்று நாம் திட்டுகிறோமே, அந்தச் சொல்லை நான் இப்போதெல்லாம் பயன்படுத்துவதில்லை.

இந்த “வேற இடத்துக்குப் போயிக்கும்” என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் 26. எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த ராத்திரி. என் அக்கா வீடு அந்தக் குப்பங்களில் ஒன்றில்தான். பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு, வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. விடிந்ததும் வேளச்சேரியிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். “இன்னும் ஏன் அங்கியே கெடக்குறீங்க? எல்லாத்தையும் விட்டுட்டு இந்தப் பக்கம் வந்துடுங்களேன்” என்றார். பாசத்தில்தான் சொன்னார். மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நான் வந்துடுவேன்டா. என் வலை அங்க எந்தத் தண்ணியில விழும்?”

மாமாவுக்கு முகத்துவாரத்தில் எந்தப் பருவத்தில் எந்த மூலையில் இறால் ஒதுங்கும் என்று தெரியும். அந்த அறிவு வேளச்சேரியில் செல்லாது. சேற்றில் உட்கார்ந்தபடியே கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறிக்கூடையில் போட்டுக்கொள்கிற பெண்கள் அந்த ஆற்றில் இருந்தார்கள், இப்போதும் சிலர் இருக்கிறார்கள். சாம்பல் படிந்து ஆறு மேடாகிவிட்டால் அவர்கள் கையிலிருக்கிற அந்த வித்தை எங்கே போகும்? இவர்களும் தவளையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மனிதன் அழுதுகொண்டாவது ஒரு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். தவளைக்கு அந்த வழியும் இல்லை. ஆனால் “போயிக்கும்” என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், எங்கே, எப்படி, எதன் வழியாக என்று கேட்கவேண்டியது நம் கடமை. இந்தக் கேள்வி நம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டிய கேள்வியில்லை. வடசென்னையில் பிறந்தவர்கள் தினமும் கேட்கிற கேள்வி. அதனால்தான் அந்த நகம் அளவுத் தவளையை நம்மால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன். ஆற்றுக்காக வருத்தப்படுகிற மனசும் மலைத் தவளைக்காக வருத்தப்படுகிற மனசும் ஒரே மனசுதான். ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் குறைந்துபோகாது.

நிலைமை சிறியதில்லை. 2023-இல் வந்த உலகக் கணக்கெடுப்பின்படி தவளை, தேரை, சாலமாண்டர் போன்ற இருவாழ்விகளில் 100-க்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. பறவைகளையும் பாலூட்டிகளையும்விட மோசம். தோலைத் தாக்குகிற ஒரு பூஞ்சை நோய் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 90 இனங்களை இல்லாமலாக்கிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருநூறுக்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்கள், அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறு எங்கும் கிடையாது. காட்டை வெட்டுவது, ஓடையைத் திருப்புவது, பூச்சிமருந்து, ரோடு, மழை தவறுவது என்று காரணங்கள் நீங்கள் அறிந்தவைதான்.

நம் ஊரிலும் மிச்சம் இருக்கிறது. என் சின்ன வயதில் கொருக்குப்பேட்டை ரயில்வே லைன் ஓரம் மழைக்குப் பிறகு பெரிய தவளைகள் மஞ்சள் மஞ்சளாக மாறி, கன்னத்தில் இரண்டு நீலப் பை உப்பிக்கொண்டு கத்தும். மஞ்சள் தவளை என்றால் விஷம் என்று ஓடுவோம். அது கல்யாணக் கோலம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பள்ளங்கள் இப்போது இல்லை. ஆனால் சாக்கடைக் கால்வாயில்கூட, ஆள் வந்தால் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகிற சின்னத் தவளை இருக்கிறது. அழுக்கை அது கொஞ்சம் தாங்கும். ரெட்டேரிப் பக்கம் மழை விட்ட ராத்திரியில் போனால் மூன்று நாலு விதக் குரல் கேட்கலாம். உங்கள் பள்ளிக்கூட மைதானத்திலேயே தண்ணீர் தேங்குகிற மூலை ஒன்று இருக்கும். பிள்ளைகளை ஒரு சாயங்காலம் அங்கே பேசாமல் உட்கார வையுங்கள். என்ன கேட்டது என்று ஒவ்வொருவரும் தமிழில் எழுதட்டும். ‘டிக் டிக்’, ‘கர்ர்’, ‘டொக்’, எதுவானாலும் சரி.

இன்னொரு செய்தி. போன வாரம் மழை பிடித்த இரண்டாம் நாள் எங்கள் மாடி டிரம்மில் மறுபடியும் நுரை வைத்திருக்கிறது. இந்தத் தடவை நான் தொடவில்லை. கொசுப்புழு பார்க்க வருகிற மாநகராட்சித் தம்பி தண்ணீரைக் கொட்டச் சொன்னார், அவர் வேலை அது. நுரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டிரம் வாயில் கொசுவலை கட்டச் சொல்லிவிட்டுப் போனார். கட்டிவிட்டேன். நேற்று காலையிலிருந்து நுரையின் அடிப்பக்கம் ஈரமாகத் தொங்குகிறது. இன்றைக்கு விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீரில் ஏழு எட்டு கருப்புக் கோடுகள் நெளிகின்றன. மேலே இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையென்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் சீக்கிரம் வந்துவிடலாம். மாடிப்படி குறுகல், ஐந்தைந்து பேராகத்தான் ஏற முடியும். கடைசி பெஞ்சுப் பையனை முதல் ஐந்தில் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்